ஆன்-ஆஃப் காந்தத்துக்குக் காப்புரிமை கேட்டேன், மூன்று பழைய ஆவணங்களைக் காட்டி "இது புதிதல்ல" என்கிறார்கள்

ஆறாம்விரல்
(இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு குழாய்ப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வெல்டு வைக்கும்போது விளக்கு, கேமரா, அளவு பார்க்கிற சாமான் என்று எதையாவது குழாய்மேல் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். சும்மா காந்தத்தை ஒட்டினால் பிறகு பிடுங்க முடியாது, போதாததற்கு அரைத்த இரும்புத் தூள் முழுக்க அதில் தாடி மாதிரி முளைத்துவிடும். அதனால் கைப்பிடியைத் திருப்பினால் பிடிக்கிற, திருப்பிவிட்டால் விடுகிற ஒன்றை வீட்டிலேயே செய்தேன். உள்ளே இரண்டு நியோடைமியம் வட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. கீழ்வட்டு அசையாது, மேல்வட்டு கைப்பிடியோடு சுற்றும். இரண்டு பக்கமும் இரும்புக் கால்கள், அடியில் குழாய்க்குத் தோதாக வி வடிவ வெட்டு.

மூன்று வருடம் ஆகப்போகிறது மனு போட்டு. இப்போது ஐப்போஸிலிருந்து (சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம்) எழுத்துமூலக் கருத்து வந்திருக்கிறது. முதல் கிளெய்முக்கு (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எண் போட்டு எழுதுகிற வாக்கியம்) புதுமையே இல்லையாம், இரண்டு முதல் ஆறு வரைக்கும் புத்தாக்கப் படி இல்லையாம், அதாவது துறை தெரிந்த யாருக்கும் தானாகவே தோன்றிவிடுமாம். மூன்று ஆவணங்களை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒன்று ஆஸ்திரேலியாக்காரர்களின் பழைய காப்புரிமை, அதன் காலமே முடிந்துபோனது. இன்னொன்று லேத்துப் பட்டறையில் டயல் வைக்கிற ஸ்டாண்டு. மூன்றாவதில் நியோடைமியத்தைப் பற்றி ஒரு பத்தி. ஒன்றில்கூடக் குழாய் என்ற சொல் கிடையாது! பதில் சொல்ல ஐந்து மாதம், அதில் மூன்றரை மாதம் கடிதம் மேசை டிராயரிலேயே கிடந்தது, கோபத்தில் நான் அதைத் திறக்கவே இல்லை. என் ஏஜெண்டு "திருத்தலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், பதில் எழுதத் தனிக் கட்டணமாம்.

செத்துப்போன காப்புரிமையை வைத்து என்னை எப்படித் தடுக்க முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேத்து

தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். நான் நாற்பது வருடம் லேத்தில் நின்றவன். உங்கள் பட்டறையிலேயே ஒரு டயல் ஸ்டாண்டு இருக்கும், அதன் அடிக்கட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு இரும்புப் பாதி, நடுவில் ஒரு பித்தளைத் தகடு அல்லது அலுமினியம், மூன்றையும் சேர்த்து இறுக்கி நடுவே குறுக்காக ஒரு துளை. அந்தத் துளைக்குள் உருளைக் காந்தம். முன்னால் இருக்கிற குமிழைக் கால் சுற்று திருப்பினால் வடமுனை ஒரு பாதியைப் பார்க்கும், தென்முனை மறு பாதியைப் பார்க்கும். காந்தப்புலத்துக்கு நடுவில் பித்தளை வழிவிடாது, அதனால் கீழே இறங்கி உங்கள் மேசை வழியாகத்தான் சுற்றிவர வேண்டும். அதுதான் பிடிப்பு. மறுபடி கால் சுற்று திருப்பினால் வடக்கும் தெற்கும் ஒவ்வொரு பாதிக்குள்ளேயே கைகோத்துக்கொள்ளும், வெளியே வர வேலை இல்லை. காந்தம் எங்கேயும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே சண்டை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கட்டையின் அடியைப் பாருங்கள், வி வெட்டு இருக்கும். உருண்டைத் தண்டின்மேல் உட்காரத்தான் அது. நீங்கள் சொல்கிற குழாய் வேலையை அது எப்போதோ செய்துகொண்டிருக்கிறது.

இதற்கும் முன்னாலே, 1930களிலேயே ஷெஃபீல்டில் எக்லிப்ஸ் பெயரில் நிரந்தரக் காந்த சக் வந்துவிட்டது. கிரைண்டிங் மெஷினில் வேலைப்பொருளை உட்காரவைக்கிற மேசை. கரண்டும் கிடையாது, ஒயரும் கிடையாது, பக்கத்தில் ஒரு நெம்பு, தள்ளினால் உள்ளே காந்தக் கூட்டம் நகரும். நான் முதலில் தொட்ட சக் அந்த வகைதான்.

ஆறாம்விரல்

அண்ணே, டயல் ஸ்டாண்டை இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே பித்தளைத் தகடு. வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரே காந்தம், என்னுடையதில் இரண்டு வட்டு. அது கால் சுற்று, என்னுடையது அரைச் சுற்று. வேறுவேறுதானே?

விக்டோரியா தெரு

காப்புரிமை வரைவு எழுதுவதுதான் என் தொழில், ஆனால் நான் உங்கள் ஏஜெண்டு இல்லை. இதைப் பொதுப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செத்துப்போன காப்புரிமை. காலம் முடிந்தால் அதன் உரிமை போய்விடும், ஊரில் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்கலாம். ஆனால் அதில் எழுதியிருக்கிற அறிவு போகாது. உலகத்தில் எங்கேயாவது, எந்த மொழியிலாவது, உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு (முதன்முதலில் மனு போட்ட நாள்) முன்னால் பொதுவில் வந்த எல்லாமே உங்களுக்கு எதிரே நிற்கும். நம் காப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உயிரோடு இருக்கிற காப்புரிமைதான் எதிரி, செத்தது எதிரி இல்லை என்று நினைப்பது எல்லாரும் செய்கிற தவறு.

அடுத்து இரண்டு வட்டு விஷயம். நீங்கள் சொல்லும் ஆஸ்திரேலிய ஆவணம் மேக்ஸ்விட்ச் என்கிற ஆன்-ஆஃப் காந்தக் கம்பெனி ஆட்களுடையது என்றால், அதில் இருப்பதே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருளைக் காந்தங்கள்தான், இரண்டும் விட்டத்தின் குறுக்கே காந்தமாக்கப்பட்டவை, ஒன்று மற்றொன்றின்மேல் சுற்றும். அதற்கு அமெரிக்கக் காப்புரிமை 2004லேயே கிடைத்துவிட்டது. உங்கள் முதல் கிளெய்மை இங்கே ஒட்டுங்களேன், பார்க்கலாம்.

ஆறாம்விரல்

அக்கா, என் ஆங்கிலம் சுமார், தமிழில் சொல்கிறேன்: "உறையும், அதற்குள் நிலையான முதல் காந்தமும், அதன்மேல் சுழலக்கூடிய இரண்டாவது காந்தமும், இரு முனைக்கால்களும் கொண்டு, இரு காந்தங்களின் துருவங்கள் ஒரே திசையில் நிற்கும்போது இரும்புக் குழாயைப் பிடிக்கவும், எதிரெதிரே நிற்கும்போது விடவும் செய்கிற பிடிப்பான்."

விக்டோரியா தெரு

இதில் மேக்ஸ்விட்ச் ஆவணத்தில் இல்லாதது ஒரே ஒரு சொல்: குழாய். பொருளைக் கேட்கும்போது "குழாயைப் பிடிக்கிற" என்று எழுதினால் எக்ஸாமினர் அதை "குழாயைப் பிடிக்கத் தகுந்த" என்றுதான் படிப்பார். பழைய சாதனத்தைக் குழாய்மேல் வைத்தால் ஒட்டுமா ஒட்டாதா? ஒட்டும். முடிந்தது கதை. அவர் உங்களை அவமானப்படுத்தவில்லை. நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படித்தார், அதே வாக்கியம் இருபது வருடம் முன்னாலேயே எழுதப்பட்டிருக்கிறது என்றார்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்தத் துறையில் நான் பார்க்கிற மனுக்களில் பாதிக்கு இதே நோய். "அணைக்கக்கூடிய காந்தம்" என்று பலனைக் கேட்கிறார்கள். பலன் பழையது. அந்தப் பலனை எந்த உறுப்பு, எந்த இடத்தில் இருந்து, எப்படிக் கொண்டுவருகிறது என்பதில்தான் உங்கள் மூன்று வருட உழைப்பு இருக்கும், அதை யாரும் எழுதுவதில்லை.

சந்தேகப் பேர்வழி

இதெல்லாம் தேவையா? காப்புரிமை வாங்கிச் சுவரில் மாட்டிவைத்தால் ஆன்லைனில் பத்து வெள்ளிக்கு வருகிற நகலை நிறுத்திவிட முடியுமா? என் பழைய முதலாளி 2009 வாக்கில் ஒன்று வாங்கினார், ஆய்வு அறிக்கை முழுக்க "புதுமை இல்லை" என்றுதான் இருந்தது, ஆனாலும் சான்றிதழ் வந்தது! அதை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். ஒரு வழக்கும் போடவில்லை, ஒரு வெள்ளியும் வரவில்லை.

விக்டோரியா தெரு

வந்திருக்கும், நம்புகிறேன். அப்போது இங்கே இருந்த முறை அப்படி. அறிக்கை எப்படி இருந்தாலும் விண்ணப்பதாரர் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், அது செல்லுமா என்பதைப் பிறகு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். 2014 பிப்ரவரி 14லிருந்து அந்தக் கதவு மூடியாயிற்று. இப்போது எக்ஸாமினரின் ஆட்சேபம் எல்லாம் தீர்ந்தால்தான் கிடைக்கும். அதற்குப் பிறகும் வெளிநாட்டில் வாங்கிய முடிவைக் காட்டித் துணை ஆய்வோடு தப்பிக்கிற ஒரு சந்து இருந்தது. 2020 ஜனவரி 1க்குப் பிறகு போட்ட மனுக்களுக்கு அதுவும் இல்லை, இங்கேயே முழு ஆய்வு. அதனால் உங்கள் முதலாளியின் கதையை இவர் நம்பி உட்கார்ந்தால் மனு போய்விடும்.

பாசிர் ரிஸ் பையன்

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு சந்தேகம். கரண்டே இல்லாமல் காந்தத்தை அணைக்கவும் ஏற்றவும் முடிகிறது என்றால் அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? யாராவது சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஆறாம்விரல்

சிரிக்கவில்லை தம்பி, இது எனக்கு நன்றாகத் தெரியும், கை வலித்துக் கற்றுக்கொண்டது. இரண்டு வட்டும் எதிரெதிரே இருக்கும்போது ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுகமாக இருக்கும். அதை ஒரே திசைக்குக் கொண்டுவர நீ தள்ள வேண்டும், அந்தத் தள்ளலில்தான் உன் சக்தி போகிறது. கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு காற்றில் திருப்பிப் பார், மணிக்கட்டு கழன்றுவிடும், விட்டால் கைப்பிடி பின்னுக்குத் துள்ளி விரலில் அடிக்கும். அதையே தடித்த இரும்பின்மேல் வைத்துத் திருப்பினால் வெண்ணெய் மாதிரிப் போகும், ஏனென்றால் புலத்துக்குக் கீழே இரும்பு வழி கிடைத்துவிடுகிறது. பெயிண்டு அடித்த குழாயில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். கைப்பிடியின் கனத்தை வைத்தே அடியில் பிடிப்பு நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பாசிர் ரிஸ் பையன்

நன்றி அண்ணா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொடுகிற பரப்பில் காந்தப்புலம் 1 டெஸ்லா (புலத்தை அளக்கிற அலகு) இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ இழுவை. 1.6 டெஸ்லா வந்தால் சுமார் 10 கிலோ. புலம் ஒன்றரை மடங்கு கூடினால் இழுவை இரண்டேகால் மடங்கு, வர்க்கத்தில் ஏறுகிறது. அப்படியென்றால் பெயிண்டினால் புலம் பாதியாகக் குறைந்தால் இழுவை கால்வாசிதானே மிச்சம்? பயமாக இருக்கிறது.

கயிறு சங்கிலி

பயப்பட வேண்டியதுதான். நான் கப்பல் பட்டறையில் தூக்கு வேலை மேற்பார்வை. தூக்குகிற காந்தத்தில் பிடுங்கு விசை குறித்த சுமையைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரம் கேட்பது இதனால்தான். துரு, பெயிண்டு, மெல்லிய தகடு, வளைவு, நான்கும் சேர்ந்தால் மூன்று மடங்கும் கரைந்துவிடும். வளைந்த பரப்பில் தட்டைக் காந்தத்தை வைத்தால் தொடுவதே ஒரு கோடுதான்.

ஆறாம்விரல், உங்கள் மனுவில் "தூக்க" என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா? காப்புரிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பது தெரியும், ஆனால் நாளைக்கு அதை விளம்பரத்தில் போட்டு விற்றால் அது தூக்கு சாதனம் ஆகிவிடும், அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரை வைத்து வருடாவருடம் சோதிக்க வேண்டும். காப்புரிமை கிடைத்ததால் மனிதவள அமைச்சு அனுமதி கொடுத்துவிட்டது என்று நினைக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம்விரல்

இல்லை அண்ணே, விளக்கும் கேமராவும் மட்டும்தான். "தூக்க" என்று எங்கேயும் எழுதவில்லை, நல்ல வேளை.

சரி, முதல் கிளெய்ம் போச்சு, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவதில் நியோடைமியம் என்று எழுதியிருக்கிறேன், மூன்றாவதில் வி வெட்டு. இரண்டையும் சேர்த்தால்?

பழைய லேத்து

நியோடைமியம் 1980களில் வந்தது தம்பி. அதற்கு முன்னால் நாங்கள் அல்நிக்கோ வைத்திருந்தோம், குதிரைலாட மாதிரி, கனம் அதிகம், இழுவை கம்மி. புதுக் காந்தம் கடைக்கு வந்த மறுநாளே எல்லாப் பட்டறைக்காரனும் பழைய கட்டைக்குள் அதைத் திணித்துப் பார்த்திருப்பான். அது மூளை இல்லை, ஆசை. இன்னொன்று, வெல்டு வைக்கிற இடத்தில் சாதாரண நியோடைமியம் 80 டிகிரிக்கு மேல் போனால் மெல்ல மெல்லச் செத்துவிடும், அதையும் யோசியுங்கள்.

விக்டோரியா தெரு

லேத்து ஐயா சொன்னதுதான் புத்தாக்கப் படி ஆட்சேபத்தின் மொத்தச் சாரம். "துறை தெரிந்த ஆள்" என்று சட்டம் ஒருவரைக் கற்பனை செய்கிறது, அவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் கற்பனை கிடையாது. அவர் கையில் மேக்ஸ்விட்சையும் டயல் ஸ்டாண்டையும் கொடுத்தால் வி வெட்டைப் போடுவாரா? உருண்டைத் தண்டில் வைக்கத்தானே அந்த வெட்டே இருக்கிறது, கண்டிப்பாகப் போடுவார்.

இங்கே இதைப் பார்க்கிற முறை இங்கிலாந்தில் 1985ல் வந்த விண்ட்சர்ஃபிங் வழக்கிலிருந்து எடுத்தது, நம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. புத்தாக்கக் கருத்து என்ன என்று முதலில் பிடிக்க வேண்டும், பிறகு துறை ஆளுக்கு அப்போது என்ன தெரியும், பிறகு இரண்டுக்கும் என்ன வித்தியாசம், கடைசியாக, உங்கள் கண்டுபிடிப்பைப் பார்க்காதவனுக்கு அந்த வித்தியாசம் பளிச்சென்று தோன்றுமா. அந்த வழக்கே சுவையானது. பாய்மரப் பலகைக்குக் காப்புரிமை வாங்கிய கம்பெனியின் கதையை முடித்த சாட்சிகளில் ஒன்று, 1958ல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் ஒரு 12 வயதுப் பையன் தானே ஒரு பலகையைச் செய்து கடற்கரையோரம் ஓட்டியது. காகிதமே கிடையாது, பத்துப் பேர் பார்க்க ஓட்டினான், போதும். அதனால் லேத்து ஐயா தன் பழைய பட்டறையில் பத்துப் பேர் பார்க்கச் செய்ததும் கணக்கில் வரும், நிரூபித்தால்.

ஆனால் ஒன்று. எக்ஸாமினரும் தவறலாம். பதிலைப் பார்த்துவிட்டுக் கேள்வியைப் படித்தால் எல்லாமே சுலபமாகத்தான் தோன்றும். இரண்டு ஆவணங்களைச் சேர்க்கிறார் என்றால் ஏன் சேர்க்க வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும். உங்கள் வி வெட்டுக்கு அந்த வாதம் எடுபடாது, வேறு ஏதாவது இருந்தால் எடுபடலாம். வேறு ஏதாவது இருக்கிறதா?

சந்தேகப் பேர்வழி

இருந்தால் மூன்று வருடம் முன்னாலேயே எழுதியிருக்க மாட்டாரா.

ஆறாம்விரல்

அதற்கென்ன, புது மனுவே போட்டுவிடுகிறேன். இப்போது எனக்கு நிறைய யோசனை இருக்கிறது.

விக்டோரியா தெரு

பொறுங்கள். உங்கள் மனு பதினெட்டாவது மாதத்தில் வெளியாகியிருக்கும், அதாவது ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இனிமேல் புது மனு போட்டால் உங்கள் பழைய மனுவே முதல் எதிரி, அதில் இருப்பதையும் அதிலிருந்து யாருக்கும் தோன்றுவதையும் மறுபடி கேட்க முடியாது. முழுக்கப் புதிய யோசனை என்றால் போடுங்கள். நடப்பு மனுவைத் திருத்துவதானால் முதல்நாள் கொடுத்த காகிதத்தில் இருந்ததை வைத்துத்தான் திருத்தலாம், புதிதாக ஒரு சொட்டுச் சேர்க்கக்கூடாது, 84ஆம் பிரிவு. ஆனால் காகிதம் என்றால் எழுத்து மட்டும் இல்லை. வரைபடமும்தான். வரைபடத்தில் தெளிவாகத் தெரிகிறது என்றால் அதுவும் முதல்நாள் சொன்னதுதான். எல்லாப் படத்தையும் எடுத்துவைத்து எண்ணெண்ணாகப் பாருங்கள். எதற்குப் போட்டோம் என்றே மறந்துபோன எண் ஏதாவது இருக்கும்.

பாசிர் ரிஸ், உனக்கு ஆர்வம் இருந்தால் இலவசக் காப்புரிமைத் தேடல் தளங்களில் எச்01எஃப் 7/04 என்ற வகையைப் போட்டுப் பார், ஒட்டிய காந்தத்தை விடுவிக்கிற வழிகள் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். மெஷின் மேசைக்கு பி23க்யூ 3/154, தூக்குவதற்கு பி66சி 1/04, ரோபோ கைக்கு பி25ஜே 15/06. எக்ஸாமினரும் அங்கேதான் மேய்வார்.

ஆறாம்விரல்
(மறுநாள் இரவு)

அக்கா, நான்காம் படம். அதில் 22, 23 என்று இரண்டு எண். 22 ஒரு சின்ன இரும்புத் தகடு, நகம் அளவு, சிவப்புப் பெயிண்டு அடித்தது. 23 அதன் பின்னால் இருக்கிற மெல்லிய சுருள்வில். இரண்டு முனைக்கால்களுக்கும் நடுவில், பக்கவாட்டில், காந்தத்துக்கு வெளியே. விளக்கத்தில் இதற்கு ஒரே வாக்கியம்: "பிடிப்பு போதாதபோது கசியும் புலத்தால் தகடு 22 வில் 23க்கு எதிராக உள்ளே இழுக்கப்பட்டுக் குறி காட்டும்." ஒரு கிளெய்மிலும் இல்லை. இது கண்டுபிடிப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை, இரவு ஷிஃப்டில் கைப்பிடியின் கனம் தெரியாத புதுப் பையன்களுக்காகப் போட்டது.

பாசிர் ரிஸ் பையன்

அண்ணா இது பிரமாதம். நல்ல இரும்பில் புலம் கீழே போய்விடும், பக்கத்தில் கசிவு கம்மி, வில் ஜெயிக்கும், சிவப்பு வெளியே நிற்கும். பெயிண்டு இருந்தாலும் குழாய்ச் சுவர் மெல்லிசாக இருந்தாலும் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் கசியும், தகடு உள்ளே போகும். இரண்டு குறையையும் ஒரே தகடு பிடித்துவிடுகிறது!

சந்தேகப் பேர்வழி

ரோபோ காந்தங்களில் ஹால் சென்சர் வைத்துப் புலத்தை அளந்து தொடர்பு சரியா என்று பார்ப்பது ஏற்கனவே இருக்கிறதே. (ஆமாம், சும்மா இருக்க முடியாமல் நானும் தேடிப் பார்த்தேன்.)

விக்டோரியா தெரு

இருக்கிறது, எக்ஸாமினர் அடுத்த சுற்றில் அதை எடுத்துவரலாம். ஆனால் இவர் கடிதத்தில் இருக்கும் மூன்றிலும் அது இல்லை. சென்சர் வைத்தவனுக்கு பேட்டரி, ஒயர், சர்க்யூட் எல்லாம் உண்டு. அவன் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு ஒரு நகத்தகடும் வில்லும் போதும் என்று ஏன் யோசிக்க வேண்டும்? வாதாட இடம் இருக்கிறது. உறுதி இல்லை, இடம் இருக்கிறது.

கயிறு சங்கிலி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சிவப்பு வெளியே நின்றால் நல்ல பிடிப்பு என்கிறீர்கள். காந்தம் ஆஃபில் இருக்கும்போதும் கசிவு கிடையாதே? அப்போதும் தகடு வெளியேதான் நிற்கும். பிடிக்கவே இல்லாத காந்தமும் நன்றாகப் பிடித்திருக்கிற காந்தமும் ஒரே குறி காட்டினால் புதுப் பையன் விளக்கைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவான், அது தலையில் விழும். இந்த மாதிரிக் குறிகாட்டி இல்லாமல் இருப்பதே மேல்.

பழைய லேத்து

சரியான கேள்வி. சிவப்பை நல்லதுக்கு வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை, பச்சை அடித்திருக்கலாம்.

ஆறாம்விரல்

கயிறு அண்ணே, படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. பிறகு அலமாரியிலிருந்து முதல் மாதிரியை எடுத்துப் பார்த்தேன். ஆஃபில் வைத்தால் தகடு தெரியவே இல்லை! ஏன் என்று பார்த்தால், கைப்பிடியின் அடியில் தூசி போகாமல் இருக்க ஒரு பாவாடை மாதிரித் தகரம் வைத்திருந்தேன். அது சுற்றும்போது தகட்டை மறைக்கிறது என்று அதில் ஒரு ஜன்னல் வெட்டினேன், ஆனில் நிற்கும்போது மட்டும் ஜன்னல் தகட்டுக்கு நேரே வரும். வேறு எந்த நிலையிலும் வெறும் தகரம்தான். சிவப்பு தெரிந்தால் ஆனும் உண்டு, பிடிப்பும் உண்டு. தெரியாவிட்டால் இரண்டில் ஒன்று இல்லை. நான் இதை யோசித்துச் செய்யவில்லை, தகரம் வெட்டச் சோம்பல், ஒரே ஒரு ஜன்னலோடு நிறுத்திவிட்டேன்.

விக்டோரியா தெரு

நான்காம் படத்தில் அந்த ஜன்னல் இருக்கிறதா? மாதிரியில் இருப்பது போதாது.

ஆறாம்விரல்

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. 24 என்று எண் போட்டு, ஆன் நிலையில் ஒரு படம், பக்கத்தில் ஆஃப் நிலையில் ஜன்னல் நகர்ந்து தகடு மறைந்த படம், 4அ, 4ஆ. விளக்கத்தில் 24க்கு எழுதியிருப்பது "திறப்பு" என்ற ஒரு சொல்தான்.

விக்டோரியா தெரு

இரண்டு நிலையையும் வரைந்திருக்கிறீர்களே, அதுதான் பெரிய விஷயம். ஒரே படமாக இருந்திருந்தால் ஜன்னல் எதற்கு என்று படிக்கிறவன் ஊகிக்க வேண்டியிருக்கும், ஊகத்தை வைத்துத் திருத்த முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஊகம் இல்லை, கண்ணுக்கே தெரிகிறது. எக்ஸாமினர் ஒத்துக்கொள்வார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அப்படியே அவர் மறுத்து, நிராகரிக்கப்போவதாக அறிவிப்பு வந்தாலும், மறுபரிசீலனை கேட்க இரண்டு மாதம் உண்டு.

நாளைக்கே ஏஜெண்டைக் கூப்பிடுங்கள். பழைய முதல் கிளெய்மைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், விட்டுவிடுங்கள். முனைக்கால்களுக்கு இடையில் வெளிப்பக்கம் தகடு, அதை வெளியே தள்ளும் வில், கைப்பிடியோடு சுற்றும் உறையில் ஒரு திறப்பு, அந்தத் திறப்பு பிடிக்கும் நிலையில் மட்டும் தகட்டுக்கு நேரே வருவது. இவ்வளவையும் உறுப்பாக, இடமாக எழுதச் சொல்லுங்கள். குழாய் என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

ஆறாம்விரல்

குழாயை எடுக்கச் சொல்வதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அக்கா, அதற்காகத்தானே செய்தேன். சரி, எடுத்துவிடுகிறேன். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

கயிறு சங்கிலி

எங்கள் யார்டில் மூன்று கோட் பெயிண்டு அடித்த வெட்டுத் துண்டுகள் கிடக்கின்றன, மெல்லிய சுவர், தடித்த சுவர் இரண்டும் உண்டு. சனிக்கிழமை மதியம் ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி பக்கத்துக் காப்பிக்கடைக்கு மாதிரியைக் கொண்டுவாருங்கள், நான் துண்டுகளும் தூக்குத் தராசும் கொண்டுவருகிறேன். எந்த இழுவையில் தகடு உள்ளே போகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளலாம்.

பழைய லேத்து

நானும் வருகிறேன். பச்சைப் பெயிண்டு எடுத்து வருகிறேன்.